சவர்க்காரக் காலும் இலைமூக்கு ஓணானும்

என் மனைவி இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக ஒரே ஓணானை வரைந்துகொண்டிருந்தாள். கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் அவள் விஞ்ஞான ஆசிரியை. இந்த நாட்டில் மட்டுமே வாழும் விலங்குகளைப் பற்றிய பாடம் வருடத்துக்கு ஒரு முறை வரும். அன்று கரும்பலகையின் இடது மூலையில் அந்த ஓணான் வந்து உட்காரும். பச்சைச் சோக்கில் உடம்பு, மஞ்சள் சோக்கில் கண், மூக்கு நுனியில் ஓர் இலை. ஆம், இலைதான். இலைமூக்கு ஓணான். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. மேகமில்லாத காலைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நீலமாகத் தெரியும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும்தான் இருக்கிறது.

வரைந்து முடித்துக் கையிலிருக்கும் தூசியைத் தட்டும்போது, ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை எழும்பும்.

"மிஸ், நீங்க இத நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இன்னும் இல்ல."

இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்ட பிள்ளை இப்போது ஒரு தாய். போன வருடம் அதே கேள்வியை அவளுடைய மகள் கேட்டாள். அதே பதில்தான் கிடைத்தது.

"பாத்தேன்னு சொல்லிடேன்" என்று ஒரு முறை நான் ஆலோசனை சொன்னேன். "யாரு போய் ஓணான்கிட்ட விசாரிக்கப் போறா?"

பரிசோதனைக் குழாயின் அடியில் படிந்த எதையோ பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். "பாத்தத மட்டும்தான் பாத்தேன்னு எழுதணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். நானே பொய் சொல்லவா?"

நான் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். பார்க்காத, புரியாத, நம்பாத விஷயங்களையெல்லாம் நாள் முழுக்க நல்ல தமிழில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். இந்தக் கொள்கை எனக்குக் கொஞ்சம் ஆடம்பரமாகவே பட்டது.

அவள் சும்மா இருந்துவிடவுமில்லை. இரண்டு முறை அந்த மலைக்குப் போயிருக்கிறாள். முதல் முறை மண்சரிவால் பாதை மூடியிருந்தது. இரண்டாம் முறை சக ஆசிரியர்களோடு பஸ் பிடித்துப் போனாள். நுழைவாயிலில் ஆரம்பித்த பைலாப் பாட்டு திரும்பி வந்து பஸ் ஏறும்வரை ஓயவில்லையாம். ஒரு ஆசிரியர் சாப்பாட்டு வாளியைத் தட்டித் தாளம் போட்டாராம். அன்றைக்கு அந்த மலையில் இருந்த ஓணான்களெல்லாம் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பித்திருக்கும்.

இந்தப் பாடசாலைத் தவணையோடு அவளுக்கு ஓய்வு. ஓணான் பாடம் ஒரு திங்கட்கிழமை வருகிறது. அதுதான் கடைசித் தடவை. அதற்கு முந்தின சனிக்கிழமை நக்கிள்ஸ் போவதென்று முடிவாயிற்று. என்னையும் சேர்த்துத்தான் முடிவாயிற்று என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

"டொக்டர் ஒங்கள நடக்கச் சொல்லியிருக்காரு" என்றாள்.

"குளத்தச் சுத்தி நடக்கிறேனே."

"பாதிக் குளம் நடக்கிறீங்க. மீதிய வடையும் டீயுமா முடிக்கிறீங்க."

கண்டிக் குளத்தைச் சுற்றி எங்கெங்கே தேநீர்க்கடை இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சில கேள்விகள் கேட்பவனுக்குத்தான் ஆபத்து.

ஒத்திகையாக, தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகெலே காட்டுக்கு என்னை ஒரு காலையில் அழைத்துப் போனாள். பயிற்சி மிக எளிது: பேசாமல் நடப்பது. நான் அன்று தோற்றேன். ஒரு மரத்தில் ஏதோ நீலமாக அசைந்தது. அது என்ன பறவையாக இருக்கலாம், அதற்குத் தமிழில் ஏன் நல்ல பெயரில்லை, சொல்லாக்கக் குழுக்கள் பறவைகளை ஏன் இப்படிக் கைவிட்டன என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அது பறந்துவிட்டது.

"காட்டுக்கு நீங்க வந்தா, காடு ஒங்க பேச்சக் கேக்கத்தான் கூடியிருக்குன்னு நினைக்கிறீங்க" என்றாள்.

அதில் நியாயமிருந்தது. போன வருடம் அவளுடைய பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். சுருக்கமாகப் பேசுவதன் சிறப்பு பற்றி நான் பேசியதில் முன்வரிசைப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. வெயில் என்றுதான் நான் இன்னமும் சொல்லி வருகிறேன்.

ஆகவே சனிக்கிழமை எனக்கிருந்த கடமை ஒன்றே ஒன்று. கெடுக்காமல் இருப்பது.

நாங்கள் போன வான் வண்டி என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. கண்டி டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். எதைக் கேட்டாலும் "நம்ம கடையில இருக்கு" என்று சொல்லுவான். உலகத்தின் எந்தப் பிரச்சினைக்கும் தன் கடைத் தட்டுகளில் ஏதோ ஒன்றில் தீர்வு இருக்கிறது என்பது அவனுடைய உறுதியான நம்பிக்கை. வத்தேகம தாண்டும்வரை எங்கள் குடும்ப வழக்கப்படி ஜெபமாலை சொன்னோம். கடைசி ஆமென் முடிந்த கையோடு அவன் ஒரு பாட்டுப் பெட்டியைப் போட்டான். பன்வில வரும்போது மனைவி அதை அணைத்தாள். மடுல்கெல்ல வரும்போது அவன் மறுபடி போட்டான். தேயிலை மலைகள் அக்கா தம்பி சண்டையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போயின.

காட்டு நுழைவாயிலில் ஒரு அதிகாரி பைகளைத் திறந்து பார்த்தார். விதிகள் பலகையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தன. அதிலிருந்த தமிழ், யாரோ ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவசரமாக மொழிபெயர்த்தது. அந்த அவசரம் எனக்கு மிகவும் பழக்கமானது. பாதையை விட்டு இறங்கக் கூடாது, எதையும் பிடுங்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, போடக் கூடாது, சத்தம் கூடாது. மனைவி சோற்றை வாழையிலையில் கட்டி வந்திருந்தாள். அவளுடைய பை ஒரு நிமிடத்தில் தேறியது. மச்சானுடைய பையிலிருந்து மிக்ஸர் பைக்கற்றுகளும், பிஸ்கற்றும், பொலித்தீன் பைகளும், கடைசியில் பாட்டுப் பெட்டியும் வந்துகொண்டேயிருந்தன. ஒரு சில்லறைக் கடை திறப்பு விழாப் போல இருந்தது. அதிகாரி சிங்களத்தில் சொன்னதை நான் மச்சானுக்குத் தமிழில் சொன்னேன்.

"இது எல்லாம் இங்கேயே இருக்கணுமாம். திரும்பி வரும்போது எடுத்துக்கலாமாம்."

"பாட்டுப் பெட்டியுமா அத்தான்? சத்தத்தக் கொறைச்சு வெக்கிறேன்னு சொல்லுங்க."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. என் தொழிலில் சில சமயம் அதுதான் நல்ல மொழிபெயர்ப்பு.

மனைவி நுழைவுச்சீட்டு வாங்கப் போன நேரத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது. மச்சான் என்னை வானுக்குப் பின்னால் அழைத்தான். மடியிலிருந்து ஒரு முழு நீலச் சவர்க்காரக் கட்டியை எடுத்தான். துணி துவைக்கிற கட்டி.

"அட்டைக்கு இதுதான் எமன். காலுறைக்கு மேல நல்லாத் தேய்ங்க."

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சனம் அட்டைக்குச் சவர்க்காரம் தேய்ப்பது புதிதல்ல. நான் பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலையேறுவதை நான் சிறுவயதில் தினமும் பார்த்திருக்கிறேன். எலுமிச்சை, உப்பு, புகையிலை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மருத்துவம். எங்கள் வீட்டு மருத்துவம் சவர்க்காரம். அட்டையோடு எனக்கு இருப்பது பரம்பரை உறவு, அதை எப்படிச் சமாளிப்பதென்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்ற மிதப்பும் இருந்தது. மனைவி முழங்கால்வரை வரும் துணிக் காலுறை தைத்து எனக்கும் ஒரு சோடி கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டால் கிறிஸ்மஸ் தாத்தா போலிருக்கும் என்று பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

மச்சான் கொஞ்சம் தேய்க்கச் சொன்னான். நான் கொஞ்சமாக எதையும் செய்ததில்லை. காலுறை, காற்சட்டையின் அடிப்பாகம், முழங்கால், காலுறைக்கு உள்ளே பாதம் என்று கட்டி பாதியாகும்வரை தேய்த்தேன். மச்சான் கடையிலிருந்து கொண்டுவந்த புத்தம்புதுக் கறுப்பு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் தேய்க்கவில்லை.

எங்களோடு வந்த வழிகாட்டி மடுல்கெல்லப் பக்கத்துக்காரர். பச்சை மேலங்கியும், அதைவிடப் பிரகாசமான தன்னம்பிக்கையும் அணிந்திருந்தார். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது.

"டீச்சர், கவலய விடுங்க. அந்த ஓணான் நம்ம சொந்தக்காரன் மாதிரி. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஏலக்காய்த் தோட்டம். அங்க ஒரே மரத்துலதான் இருப்பான். நேத்தும் இருந்தான்."

"அப்ப புடிச்சு அக்கா கையில வெச்சிருவோமா?" என்றான் மச்சான். "ஒரு போட்டோ எடுத்துட்டு விட்டுரலாம்."

வழிகாட்டி பதில் சொல்வதற்குள் மனைவி சொன்னாள். "புடிச்சா அது பயத்துல கலர் மாறும் தம்பி. அப்ப நான் பாக்கிறது ஓணான இல்ல, அதோட பயத்த. அது அதோட பாட்டுக்கு இருக்கணும், நான் பாக்கணும். அதுதான் பாத்ததுன்னு கணக்கு."

காட்டுக்குள் நுழைந்தோம். பாதை ஒருவர் பின் ஒருவராகப் போகிற அகலம். மரங்களில் பாசி கம்பளி போலத் தொங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறை திறந்தேன், இரண்டு முறையும் மனைவி திரும்பிப் பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் அவள் நின்று மூக்கை உறிஞ்சினாள். "இங்க எங்கேயோ துணி துவைக்கிற வாசம் வருது."

"காட்டுப் பூவா இருக்கும் அக்கா" என்றான் மச்சான்.

பிறகு தூறல் விழுந்தது.

சவர்க்காரத்துக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். தோட்டத்துப் பெண்கள் லேசாகப் பூசிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். நான் ஒரு சலவைத் தொட்டியைச் சப்பாத்துக்குள் நிரப்பி நடந்தேன். முதலில் ஒவ்வோர் அடிக்கும் 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு சப்பாத்துக் கயிறு கோர்க்கிற ஓட்டைகள் வழியாக வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. பத்திரமாகப் பாதை ஓரமாக நடந்து சமாளித்தேன். ஆனால் நுரை என்பது மறைத்து வைக்கக்கூடிய பொருளல்ல.

வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "சார், ஒங்க சப்பாத்து பொங்குது."

எல்லோரும் நின்றார்கள். நான் நடந்து வந்த பாதையில், கல்யாண வீட்டுக் கோலம் போல, வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"நல்ல சாமான் அண்ணே, நம்ம கடைச் சாமான்" என்று மச்சான் வழிகாட்டிக்கு விளக்கினான். "சும்மா தொட்டாலே நுரைக்கும். இவரு கட்டியையே முடிச்சிட்டாரு."

மனைவி கத்தவில்லை. காட்டில் சத்தம் கூடாது என்ற விதி அன்று எனக்குச் செய்த பெரிய உதவி அது.

சரியாக அந்த இடத்தில்தான் ஆறு குறுக்கிட்டது. ஆறு என்று அவர்கள் சொன்னாலும், கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஒரு மலை ஓடை. கல்லுக்குக் கல் கால் வைத்தாலும் நடுவில் தண்ணீரில் இறங்காமல் தாண்ட முடியாது. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அடியில் விரல் நீள மீன்கள் எதிர்நீச்சலில் நின்றன.

"சார் எறங்க ஏலாது" என்றார் வழிகாட்டி. "இதுல தவளைக் குஞ்சு இருக்கு, மீன் இருக்கு. இந்த சவுக்காரம் பட்டா அதுகளுக்கு மூச்சு முட்டும்."

"சப்பாத்தக் கழட்டிட்டா?"

அவர் என் காலைக் குனிந்து பார்த்தார். "கால்லயும் நுரைக்குதே சார். கழுவணும்னா தண்ணி வேணும். தண்ணிக்குள்ள கழுவ ஏலாது."

இதைவிடக் கச்சிதமான ஒரு சுற்றறிக்கையை என் அலுவலகத்தில் நான் மொழிபெயர்த்ததில்லை.

"நான் தூக்குறேன்" என்றான் மச்சான். "அரிசி மூட்டை தூக்குற முதுகு இது. ஏறுங்க அத்தான்."

ஏறினேன். அவன் முழங்கால் மடங்கியது. ஒரு சத்தம் கேட்டது. அது அவனுடைய முதுகா புது பூட்ஸா என்று தெரியவில்லை.

"எறங்குங்க அத்தான்."

"என்ன?"

"அரிசி மூட்டை பேசாது. நீங்க காதுக்குள்ள 'மெதுவா, மெதுவா'ங்கிறீங்க."

பாரத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பையன்.

ஆகவே தீர்ப்பு இதுதான். ஓடையின் இந்தப் பக்கத்தில், பாதையை ஒட்டி ஒரு தட்டைப் பாறை இருந்தது. நான் அதில் உட்கார வேண்டும். நுரைத்த காலுறைகளைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டி வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். காலை உலர்ந்த துவாயால் துடைக்க வேண்டும். அவர்கள் ஏலத் தோட்டம் போய் ஓணானைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

"இந்தப் பாறைய விட்டு எந்திரிக்கக் கூடாது சார்" என்றார் வழிகாட்டி. "நாங்க கூப்பிடு தூரத்துலதான் இருக்கோம். ஆனா கூப்பிடக் கூடாது."

"ஓணான் வந்தா ஒக்கார வெச்சுப் பேசிக்கிட்டிருங்க அத்தான்" என்றான் மச்சான்.

மனைவி போகும்போது என் தலையில் தொப்பியைச் சரியாக வைத்துவிட்டாள். "மழையில நனையாதீங்க" என்றாள். கோபமாக இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது. அவள் கல்லுக்குக் கல் பார்த்துக் கால் வைத்து ஓடையைத் தாண்டினாள். அவசரமாக நடந்தாள். முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் அவசரம்.

நான் உட்கார்ந்தேன்.

பேச ஆளில்லாமல் ஓரிடத்தில் உட்காருவது எனக்கு வராத கலை. முதலில் ஓடையைப் பார்த்தேன். பிறகு என் கால் விரல்களைப் பார்த்தேன். அவை இத்தனை சுத்தமாக எப்போதும் இருந்ததில்லை. பிறகு மனதுக்குள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன். பக்தியை விட, வாயில்லாமல் பேசுவதற்கு அது ஒரு வழி என்பதால். எதிரே, கை நீட்டினால் எட்டாத, ஆனால் எட்டிவிடும் போலத் தோன்றுகிற தூரத்தில் ஒரு மரம். அதன் தண்டில் பாசி. பாசியைப் பார்த்துக்கொண்டே மந்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாசி கண் சிமிட்டியது.

எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அந்தக் கண்ணைச் சுற்றி மெல்ல மெல்ல ஒரு தலை உருவானது. தலைக்குப் பின்னால் முதுகு, மரப்பட்டையை அணைத்தபடி கைகள், கீழே மெல்லிய வால். அப்புறம், மூக்கு நுனியில், மேல்நோக்கி நிமிர்ந்த ஒரு சின்ன இலை. இலை என்பதுகூட அதிகம். தட்டையாக நசுங்கிய ஓர் ஏலக்காய். அதன் விளிம்பில் ஒரு மழைத்துளி தொங்கியது.

இத்தனை வருடமாக அந்தக் கரும்பலகையில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். இவருக்கு என் மனைவியைத் தெரியாது. இவரைப் பார்க்கத்தான் அவள் ஓடைக்கு அப்பால் போயிருக்கிறாள். நேற்றும் இருந்த அந்த மரத்தில் இன்று யாருமில்லை என்பது அவளுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

கூப்பிட வேண்டும் என்று எழுந்த முதல் ஆசையை விழுங்கினேன். கூப்பிட்டால் அவள் வருவதற்கு முன் இது போய்விடும். கைத்தொலைபேசி முதுகுப்பைக்குள். பை என் பின்னால். திரும்பினால் அசைவு. எடுத்தாலும் சிக்னல் இல்லை. படம் எடுக்கலாம்தான். ஆனால் படம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது, பாடப்புத்தகத்தில். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். அது என்னால் முடியாத வழி. அவள் திரும்பி வரும்வரை அசையாமல், பேசாமல் இருப்பது.

அப்போதுதான் அட்டைகள் வந்தன.

சவர்க்காரம் தேய்த்த இடங்களை அவை மரியாதையோடு விட்டு விலகின. தேய்க்காத இடங்களைத் தேடிக் கண்டுபிடித்தன. ஒன்று பாறையின் விளிம்பில் எழுந்து நின்று, மோப்பம் பிடித்து, சாண் சாணாக அளந்தபடி என் கையில் ஏறியது. மணிக்கட்டில் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தது. இன்னொன்று மேலேயிருந்து விழுந்ததோ என்னவோ, கழுத்தில் குளிர்ச்சியாக நகர்ந்தது. கழுத்தில் ஓர் அட்டை நகர்வது தெரிந்தும் கையைத் தூக்காமல் இருப்பது எப்படிப்பட்டது என்று சொல்ல எனக்குச் சொல் போதாது. நான் சொல் போதாது என்று சொல்வது இதுதான் முதல் தடவை.

ஓணான் நகர்ந்தது. ஒரு காலை எடுத்து, யோசித்து, வைத்தது. பிறகு மற்றக் காலை எடுத்தது. அரசாங்க அலுவலகத்தில் கோப்பு நகர்கிற வேகம். ஆனால் மேல்நோக்கி. கொஞ்சம் மேலே போனால் இலைக்கூட்டம். அதற்குள் போய்விட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தலையில் தொப்பி இருந்தது.

நான் எந்தப் புண்ணியவானுமல்ல. அந்தத் தொப்பியைப் பற்றி விரிவாகவே யோசித்தேன். ஒரே எட்டு. மெதுவாக மூடி, மெதுவாக எடுத்து, அவள் வந்ததும் திறந்து காட்டலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? வழிகாட்டி இல்லை, அதிகாரி இல்லை. அவளுடைய கடைசி வகுப்பு. இத்தனை வருடம். ஒரு தொப்பிக்குள் ஐந்து நிமிடம் இருந்தால் ஓணானுக்கு என்ன நட்டம்? கை தொப்பியின் விளிம்புவரை போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் தொப்பியைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பயந்து நிறம் மாறிய ஒன்று. அவள் அதைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். திங்கட்கிழமை ஒரு பிள்ளை எழும்பிக் கேட்கும்போது "இன்னும் இல்ல" என்றுதான் சொல்லுவாள்.

கையைக் கீழே இறக்கினேன். மூன்றாவது அட்டைக்கு அது வசதியாகப் போயிற்று.

ஓணான் ஒரு முடிச்சு வரை ஏறி நின்றது. இலைக்கூட்டத்துக்குச் சற்றுக் கீழே. நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மனதுக்குள் ஜெபமாலையை முதலிலிருந்து ஆரம்பித்து, முடித்து, மறுபடி ஆரம்பித்தேன்.

ஓடைக்கு அப்பாலிருந்து மச்சானின் குரல் வந்தது. மெதுவாகப் பேசுவதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கும் குரல்.

"மனச விடாதீங்க அக்கா. அடுத்த வருசம் வருவோம்."

"அடுத்த வருசம் எனக்கு வகுப்பு இல்ல தம்பி."

"நேத்து இருந்தான் டீச்சர்" என்றார் வழிகாட்டி. "சத்தியமா நேத்து இருந்தான்."

மனைவி முதலில் தெரிந்தாள். கீழே பார்த்து, கல்லுக்குக் கல் கால் வைத்து வந்தாள். கரையேறியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் விறைத்து உட்கார்ந்திருந்தேன். கழுத்திலிருந்து சட்டைக்கு ஒரு கோடு ரத்தம் இறங்கியிருந்தது. அதைவிடப் பயங்கரமாக, என் ஆட்காட்டி விரலை உதட்டில் வைத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்து அவள் பார்த்திராத சைகை அது.

"என்னங்க?" அவள் முகம் வெளுத்தது. குரல் காற்றாகத்தான் வந்தது. "நெஞ்சு வலிக்குதா?"

தலையை அசைக்கவில்லை. கண்ணை மட்டும் மரத்துக்குத் திருப்பினேன். திரும்ப அவளிடம் கொண்டுவந்தேன். மறுபடி மரத்துக்கு.

அவள் பார்த்தாள். எதையும் காணவில்லை. பாசி, பட்டை, முடிச்சு. மூன்றாவது முறை நான் கண்ணைத் திருப்பியபோது முடிச்சு கண் சிமிட்டியது.

அவள் அப்படியே பாதையில், ஈரத்தில், உட்கார்ந்தாள். உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பின்னால் மச்சான் கரையேறி வாயைத் திறந்தான். அவள் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினாள். நாற்பது பெண் பிள்ளைகளை ஒரே நொடியில் அடக்கிப் பழகிய கை. பலசரக்குக் கடைக்காரன் ஒற்றைக் காலைத் தூக்கிய நிலையில் நின்றான். வழிகாட்டி அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. கிட்டே போகவில்லை. வெறுமனே பார்த்தாள். ஓணான் மூக்கைச் சற்றுத் திருப்பியது, துளி விழுந்தது. அது நாக்கை நீட்டிப் பட்டையை ஒரு முறை நக்கியது. பிறகு ஒரு காலை எடுத்து, யோசித்து, வைத்தது. இலைக்கூட்டம் அதை எடுத்துக்கொண்டது. கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

பிறகு அவள் என் பக்கம் வந்து, கழுத்திலிருந்த அட்டையை நகத்தால் ஒதுக்கிப் பக்கத்து இலையில் விட்டாள். அவளுடைய கண் ஈரமாக இருந்தது.

"எவ்வளவு நேரமா இது இங்க இருந்திச்சு?"

"ஒன்றரை ஜெபமாலை."

"நீங்க பேசவே இல்லையா?"

"யார்கிட்டப் பேச?"

"இவன் சொந்தக்காரன்தான் டீச்சர்" என்றார் வழிகாட்டி. தன்னம்பிக்கை அவருக்குத் திரும்பியிருந்தது. "வீடு மாறிட்டான், அவ்வளவுதான்."

மச்சான் என் காலைக் குனிந்து ஆராய்ந்தான். "கழுத்துல கடிச்சிருக்கு, கையில கடிச்சிருக்கு. கால்ல ஒண்ணாவது கடிச்சிருக்கா? பாத்தீங்களா அத்தான்! சவுக்காரம் சவுக்காரம்தான்!"

இறங்கும்போது நான் மனைவி தைத்த துணிக் காலுறையைப் போட்டுக்கொண்டேன். கிறிஸ்மஸ் தாத்தா போலத்தான் இருந்தது. வழியெல்லாம் என் நுரைப் புள்ளிகளைத் துவாயால் துடைத்துக்கொண்டே வந்தோம். இந்தக் காட்டில் துவைத்த பாதை இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று வழிகாட்டி சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி பாடசாலை விட்டு வந்து, பையைக் கதிரையில் போட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். தேநீர் போட்டுக் கொடுத்துக் கதையைக் கேட்டேன்.

ஓணானை வரைந்தாளாம். இந்த முறை மூக்கிலிருந்த இலை பாதிக்குப் பாதி சின்னதாகிவிட்டது, நிமிர்ந்தும்விட்டது. வழக்கம்போல ஒரு பிள்ளை எழும்பியது.

"மிஸ், நீங்க இத நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

வகுப்பே எழும்பியதாம். போட்டோ எங்கே என்று ஒருத்தி. எடுக்கவில்லை. தொட்டீங்களா என்று இன்னொருத்தி. தொடவில்லை. அப்படியென்றால் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அவளும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சவர்க்காரத்தைச் சொன்னாள், ஓடையைச் சொன்னாள். நான் பாறையில் உட்கார்ந்து, அட்டை கடிக்கக் கடிக்க, வாயைத் திறக்காமல் ஓணானைக் காவல் காத்ததைச் சொன்னாள்.

பரிசளிப்பு விழாவில் முன்வரிசையில் மயங்கி விழுந்த அதே பிள்ளை பின்வரிசையிலிருந்து கை தூக்கியது.

"மிஸ், ஓணான நம்புறோம். சார் பேசாம இருந்தாருன்னு சொன்னதத்தான் நம்ப ஏலாது."